நத்தை சாரின் எச்-இண்டெக்ஸ்

பதவி உயர்வுப் படிவத்தின் பதினேழாவது கட்டத்தில் நத்தை சார் மாட்டிக்கொண்டார்.

'ஆய்வாளரின் எச்-இண்டெக்ஸ், எட்டுக்குக் குறையக் கூடாது' என்று அச்சடித்திருந்தது. அதற்கு விடை எழுத ஒரு தபால்தலை அளவு இடம். படிவத்தைக் கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரைதான் கெடு. அன்று புதன்.

கல்லூரியின் விலங்கியல் துறையில் அவர் பத்தொன்பது வருஷமாக இணைப் பேராசிரியர். பத்தொன்பது வருஷமும் தோட்டத்து நத்தைகளைத் தவிர வேறொன்றை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நத்தை எதைத் தின்னும், எப்போது தூங்கும், மழை வருவதற்கு முன்னால் ஏன் சுவரில் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாணவர்கள் வைத்த பெயர்தான் நத்தை சார். பதவி உயர்வு அவரை நோக்கி வந்துகொண்டிருந்த வேகத்தைப் பார்த்துவிட்டுச் சக ஆசிரியர்களும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். அவருடைய சொந்தப் பெயரிலும் விசேஷம் ஒன்றுமில்லை. சந்தையில் நின்று அதை உரக்கச் சொன்னால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தத் தடவை பதவி உயர்வு கிடைத்தே ஆக வேண்டும். பேராசிரியர் ஆனால்தான் தனி ஆய்வறை. இப்போதைக்கு அவருடைய ஆய்வறை வீட்டுக் குளியலறை. அங்கே பதினான்கு கண்ணாடித் தொட்டிகளில் நத்தைகள் குடியிருந்தன. போன மாதம் ஒன்று அவர் மனைவியின் பல் துலக்கும் பிரஷ்ஷில் படுத்துத் தூங்கியது.

"ஏங்க, ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சு பதில் சொல்லுங்க" என்றார் மனைவி. கண் மருத்துவமனையில் நாற்பது செவிலியர்களை மேய்ப்பவர். ஒரு தடவைதான் சொல்வார்.

நத்தை சார் உண்மையிலேயே யோசித்தார். அது இன்னும் பெரிய தப்பாகப் போயிற்று.

ஆகவே படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனார். கல்லூரி ஆசிரியர்களின் ஆராய்ச்சிப் பக்கங்களை இணையத்தில் பார்த்துக்கொள்வதும் நூலகர் அம்மாவின் வேலைதான்.

"மேடம், இந்த எச்-இண்டெக்ஸ்னா என்ன?"

"நீங்க எட்டுப் பிள்ளை பெத்திருக்கணும் சார்."

"என்னது?"

"ஒவ்வொரு பிள்ளையைப் பத்தியும் வெளியில எட்டு பேராவது பேசியிருக்கணும். அப்பதான் எட்டு. பிள்ளைன்னா கட்டுரை. பேசறதுன்னா, மத்தவங்க எழுதற கட்டுரையில உங்க கட்டுரையை மேற்கோள் காட்டறது. இருபது பிள்ளை பெத்து ஒருத்தரும் பேசலைன்னா பூஜ்யம். ஒரே பிள்ளையைப் பத்தி ஊரே பேசினாலும் ஒண்ணுதான்."

"நல்ல விதமா பேசணுமா?"

"அதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்காது சார். பேசினா சரி." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதோ உங்க பக்கம். கட்டுரை பதினொண்ணு. மேற்கோள் நாற்பத்தொண்ணு. எச்-இண்டெக்ஸ் மூணு."

"நாற்பத்தொண்ணா! பரவாயில்லையே."

"அதுல இருபத்தொன்பது, நீங்களே உங்களை மேற்கோள் காட்டினது."

நத்தை சாரின் முகம் சுருங்கியது. நூலகர் அம்மா இரக்கக்காரர். "சார், உங்க பேரை நீங்க ஒரே மாதிரி எழுதறதே இல்ல. இனிஷியலை ஒரு கட்டுரையில முன்னால போடறீங்க, ஒரு கட்டுரையில பின்னால போடறீங்க, ஒண்ணுல போடவே இல்ல. அதனால சிலது வேற பக்கத்துல சிதறிக் கிடக்கும். 'சேர்'னு ஒரு பொத்தான் இருக்கு. உங்க கட்டுரை வந்தா 'ஆம்'னு அழுத்துங்க. படிச்சுப் பார்த்து அழுத்துங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, செல்போனில் பக்கத்தைத் திறந்தார். சின்னத் திரை. ஒவ்வொரு தலைப்பிலும் முதல் இரண்டு மூன்று சொற்கள்தான் தெரிந்தன. பக்கத்தில் 'இது உங்களுடையதா?' என்ற கேள்வி.

'ஈரச் சுவரில் நத்தைகளின்...' ஆம்.

'வேர்ப் பகுதியில் அரிப்பு...' நத்தை வேரை அரிக்குமே. எப்போதோ எழுதியிருப்போம். ஆம்.

'மெல்லிய ஓடுகளின் தாங்குதிறன்...' ஓட்டைப் பற்றி நம்மைவிட்டால் யார் எழுதுவார்? ஆம்.

'ஓட்டுக்குள் ஒடுங்கும்...' சந்தேகமே இல்லை. ஆம்.

நான்கு ஆம் ஆனதும் தளத்துக்கு அவர்மீது நம்பிக்கை வந்துவிட்டது. 'உங்களைப் புரிந்துகொண்டோம். மீதியையும் நாங்களே சேர்க்கட்டுமா?' என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாக அவரை யாரும் கேட்டதில்லை. அழுத்தினார்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் இருந்த மின்பலகையில் அவருடைய புகைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே எழுத்துகள் ஊர்ந்தன. கட்டுரைகள் 297. மேற்கோள்கள் 6,708. எச்-இண்டெக்ஸ் 34. ஆராய்ச்சிப் பக்கத்தில் எது மாறினாலும் பலகைக்குத் தானாகவே வந்துவிடும் ஏற்பாடு அது.

நத்தை சார் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

நூலகர் அம்மா ஏற்கெனவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "படிச்சுப் பார்த்து அழுத்தச் சொன்னேனே சார்! வேர்னா பல் வேர். ஓடுன்னா கான்கிரீட் ஓடு, பாலம் கட்டறது. 'ஓட்டுக்குள் ஒடுங்கும்'னு ஒண்ணு இருக்கே, முழுத் தலைப்பு என்ன தெரியுமா? 'ஓட்டுக்குள் ஒடுங்கும் கணவர்கள்.' மனோதத்துவம். உங்க பேருல உலகத்துல எத்தனை பேரு இருக்காங்களோ அத்தனை பேரும் இப்ப நீங்கதான். 1931லகூட ஒரு கட்டுரை எழுதியிருக்கீங்க."

"நான் பிறக்கவே இல்லையே!"

"அதுக்கும் பன்னிரண்டு மேற்கோள் இருக்கு."

தளத்தின் உதவி மையத்துக்கு எழுதினார்கள். மூன்றே நிமிஷத்தில் பதில் வந்தது. 'கட்டுரைகள் தவறாகச் சேர்ந்திருப்பதாக அவற்றின் உண்மையான ஆசிரியர் புகார் அளிக்க வேண்டும். ஆசிரியர் காலமாகியிருந்தால், அவர் காலமான தேதியைக் குறிப்பிட்டுத் தம் கையொப்பத்துடன் புகார் அளிக்க வேண்டும்.'

அதற்குள் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

முதல்வர் எழுந்து நின்று வரவேற்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தினார். நெருங்கி வந்தார். வாயைத் திறந்தார்.

"ஆ... கீழ்ல, கடைசிப் பல்லு. மூணு நாளா உயிர் போகுது. பல் வேர் பத்தி இருபத்திரண்டு கட்டுரை எழுதியிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சார், அதுல ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு. எனக்குப் பல்லைப் பத்தி..."

"நிறைகுடம் தளும்பாதுன்னு தெரியும். பாருங்க."

வேறு வழியில்லாமல் நத்தை சார் குனிந்து பார்த்தார். பல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல் இருக்கு சார். தேயத் தேயப் புதுசா வந்துக்கிட்டே இருக்கும்."

முதல்வர் வாயை மூடிக்கொண்டு கன்னத்தைத் தடவினார். "அப்ப இதை எடுத்துடலாம்ங்கறீங்க."

அன்று மத்தியானமே எடுத்துவிட்டார். வலி போய்விட்டது. பல் மருத்துவர் மூன்று நாளாகச் சொல்லிவந்ததும் அதைத்தான். ஆனாலும் பெயர் நத்தை சாருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எதை மறுத்தாலும் முதல்வர் நம்பத் தயாராக இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேஜையில் மனைவி செல்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க இந்தம்மா?"

"எந்தம்மா?"

"இவங்களோட சேர்ந்து பதினாலு கட்டுரை எழுதியிருக்கீங்க. எல்லாம் புருஷன் பொண்டாட்டி விஷயம். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. 'வாரத்தில் நான்கு நாள் கணவர் பாத்திரம் கழுவும் வீடுகளில் நிம்மதி இரட்டிப்பாகிறது.' எண்ணூறு வீட்டுல போய்க் கேட்டிருக்கீங்க. நம்ம வீடு ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

நத்தை சார் நடந்ததையெல்லாம் சொன்னார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்ப அந்த முப்பத்திநாலு உங்களோடது இல்ல?" என்றார்.

"இல்ல."

"முதல்வர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். கேட்க மாட்டேங்கறார்."

"சரி. சொல்லி முடிக்கிறவரைக்கும் அந்தப் பேரு உங்களோடதுதானே? பேரு உங்களோடதுன்னா பாத்திரமும் உங்களோடது. நாலு நாள். உங்க ஆராய்ச்சிதான் சொல்லுது."

சோப்பு நுரையில் கையை விட்டபடி அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் பக்கத்தைச் சுத்தம் செய்துவிடுவது. மூன்று என்றால் மூன்று. மானத்தோடு மூன்று.

வெள்ளிக்கிழமை காலை தளத்தின் மூலை முடுக்கெல்லாம் துழாவி 'என்னைத் திருத்து' என்ற பொத்தானைக் கண்டுபிடித்தார். அழுத்தியதும் தளம் அவருடைய பதினொரு நத்தைக் கட்டுரைகளையும் வரிசையாகக் காட்டி ஒரு கேள்வி கேட்டது. 'இந்தப் பக்கத்தில் உள்ள மற்றவர் நீங்கள்தானா?'

நத்தை சாருக்கு ரத்தம் கொதித்தது. மற்றவர் நான் இல்லை, இல்லவே இல்லை! ஓங்கி 'இல்லை' என்று அழுத்தினார்.

தளம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பதினொரு நத்தைக் கட்டுரைகளையும் எடுத்து, அதே பெயருள்ள வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. பல் இருந்தது. பாலம் இருந்தது. ஒடுங்கும் கணவர்கள் இருந்தார்கள். அவர் பக்கத்தில் இப்போது அவர் ஒருவர்தான் இல்லை.

எச்-இண்டெக்ஸ் அதே முப்பத்திநாலில் அசையாமல் நின்றது. பத்தொன்பது வருஷத்து உழைப்பு போனதால் அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அவருக்கு வலித்தது அதுதான்.

மாலை நாலே முக்காலுக்குப் படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனார். பதினேழாவது கட்டத்தில் 'மூன்று' என்று எழுதிவிடுவதாக உறுதி.

"எழுத வேண்டாம் சார். முதல்வரே நிரப்பி, கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டார். நீங்க அடக்கத்துல குறைச்சு எழுதிடுவீங்களாம்" என்றார் எழுத்தர்.

நேர்காணலில் மூன்று நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "பல், பாலம், குடும்பம். ஒரே ஆளால எப்படி சார் முடிஞ்சுது?"

"சத்தியமா எனக்கே தெரியலை சார்" என்றார் நத்தை சார். மூன்று பேரும் தலையை ஆட்டியபடி எதையோ எழுதிக்கொண்டார்கள். 'அடக்கம்: மிக நன்று' என்று எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

பேராசிரியர் ஆனார். ஆய்வறை கிடைத்தது. பதினான்கு தொட்டிகளும் குளியலறையை விட்டு வெளியேறின. மனைவி பிரஷ்ஷை மாற்றினார். நத்தை சாரும் வாரம் நாலு நாள் பாத்திரம் கழுவப் பழகிவிட்டார். சொல்லப்போனால், வீட்டில் நிம்மதி கூடித்தான் இருந்தது.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த நேரத்தில் பாலம் வந்தது.

விலங்கியல் துறைக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால். ஐந்தடி ஆழம், முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். அதன்மேல் கிடந்த பழைய பலகைகள் மழையில் உளுத்துப்போயிருந்தன.

"புதுப் பாலம் போட வெளியிலேருந்து எதுக்கு இன்ஜினியர்? நம்மகிட்ட நீங்க இருக்கீங்க!" என்றார் முதல்வர்.

"சார், எனக்குப் பாலத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"உங்க ஒரே ஒரு பாலக் கட்டுரையை ஆயிரத்து இருநூறு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. ஆயிரத்து இருநூறு பேருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் நத்தை சார் அந்தக் கட்டுரையை முதல் தடவையாகப் படித்தார். பாதிக்குமேல் புரியவில்லை. படங்கள் அழகாக இருந்தன. தூணே இல்லாமல், நத்தை ஓடு மாதிரி மெல்லிசாக வளைந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவல். பார்க்கப் பார்க்க அவருக்குப் பிடித்துப்போயிற்று. தன் கட்டுரைகளைப் பற்றி வெளியில் பன்னிரண்டு பேர்தான் பேசினார்கள். இதைப் பற்றி ஆயிரத்து இருநூறு பேர் பேசியிருக்கிறார்கள். அத்தனை பேருமா முட்டாள்கள்?

மறுநாள் கட்டுரையை நகலெடுத்து மேஸ்திரியின் கையில் கொடுத்தார்.

மேஸ்திரி படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "சார், நடுவுல ஒரு தூணு வேண்டாமா?"

"கட்டுரையில இருக்கா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம்."

"இவ்வளவு மெல்லிசா இருக்கே சார். முப்பது வருஷமா வேலை பார்க்கறேன், இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல."

"ஆயிரத்து இருநூறு பேர் இதை மேற்கோள் காட்டியிருக்காங்க மேஸ்திரி."

"அம்மாடி! அப்ப எனக்கென்ன சார்" என்று மேஸ்திரி கரண்டியை எடுத்தார்.

மூன்று மாதத்தில் பாலம் எழும்பியது. பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். தண்ணீரின்மேல் காகிதத்தை வளைத்து வைத்த மாதிரி அவ்வளவு ஒயிலாக இருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

விழா அன்று காலை, பத்து மணி இருக்கும். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நத்தை சார் பாலத்தருகே நின்றபோது, பூங்கொத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஒல்லியான ஆள். கையிடுக்கில் ஒரு கோப்பு.

"நீங்கதானே..." என்று நத்தை சாரின் முழுப் பெயரையும் இனிஷியலோடு சொன்னார்.

"ஆமா. நீங்க?"

"என் பேரும் அதேதான். ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர்."

நத்தை சார் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு மாதமாக எந்த மனிதர் வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தாரோ அவர் வந்துவிட்டார், அதுவும் மாலையும் மைக்கும் இருக்கிற நாளில். பெரியவரின் கையைப் பிடித்து மரத்தின் பின்னால் இழுத்துப் போனார்.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. நான் திருடலை. தலைப்பு பாதிதான் தெரிஞ்சுது. ஓடுன்னு போட்டிருந்துச்சு, நத்தை ஓடுன்னு நினைச்சுட்டேன். இப்பவே மைக்குல சொல்லிடறேன். உங்க கட்டுரையை உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்."

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் சார்!" பெரியவர் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார். "நான் நன்றி சொல்லத்தான் வந்தேன். உங்க நத்தைக் கட்டுரை பதினொண்ணும் என் பக்கத்துக்கு வந்து சேர்ந்துச்சு. யாரோடதுன்னு பார்ப்போமேன்னு எடுத்தேன். கீழ வைக்க முடியலை. பதினொண்ணையும் படிச்சேன்."

நத்தை சாருக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "முழுசாவா?"

"அடிக்குறிப்போட. மழைக்கு முன்னால அது சுவர்ல ஏறுறதுக்கு நீங்க சொல்லியிருக்கற காரணம் இருக்கே! நானும் என் வீட்டு மதில்ல உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்தேன். நீங்க சொன்னது அப்படியே நடக்குது சார்."

பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. முப்பத்திநாலு, ஆறாயிரத்து எழுநூற்று எட்டு எல்லாம் அந்தக் கணத்தில் தூசு. நத்தை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்ன அங்க ரகசியம்? வாங்க, வாங்க! உங்க நண்பரையும் கூட்டிட்டு வாங்க!" ரிப்பனை வெட்டிவிட்டு முதல்வர் பாலத்தின்மேல் நின்று கையாட்டினார். அவர் பின்னால் எல்லாத் துறை ஆசிரியர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நூலகர் அம்மா ஏறினார். மருத்துவமனைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்த மனைவி ஏறினார். புகைப்படக்காரர் எதிர்க்கரையில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க! எல்லாரும் நடுவுல வாங்க!" என்று கத்தினார்.

இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டுபோய் நட்டநடுவில் நிறுத்தினார்கள். நாற்பது பேர் தோளோடு தோள் இடித்து நின்றார்கள்.

பெரியவர் குனிந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "அழகா இருக்கே சார். இதை வடிவமைச்சது யாரு?"

நத்தை சாருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இவ்வளவு நல்ல மனிதருக்குத் திருப்பிக் கொடுக்க அவரிடமும் ஒன்று இருந்தது. பெரியவரின் தோளில் கை போட்டார்.

"நீங்கதான் சார்! உங்க கட்டுரையில உள்ளபடி, ஒரு அங்குலம் மாத்தலை."

பெரியவரின் கையிலிருந்து பூங்கொத்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர் காலைக்கூட அசைக்காமல், மூச்சை மெதுவாக விட்டு, நத்தை சாரின் காதோரம் குனிந்தார்.

"சார், அந்த ஆயிரத்து இருநூறு பேரும் என் கட்டுரையை மேற்கோள் காட்டினது, பாலத்தை எப்படிக் கட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு."